பிளட்ஹவுண்ட்: மூக்கைத் தரையில் வைத்தால் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, என்ன செய்யலாம்?

மீனா_ஓஹயோ:
வணக்கம். கொலம்பஸுக்கு வெளியே இருக்கிறோம். மீட்பு மையத்திலிருந்து ஒன்றரை வயது ஆண் பிளட்ஹவுண்ட் நாய் ஒன்றைத் தத்தெடுத்திருக்கிறோம். பெயர் பைரவன், எடை 46 கிலோ. வீட்டுக்குள் தங்கமான பிள்ளை, என் சின்ன மகள் மேல் சாய்ந்துகொண்டே தூங்குவான். வெளியே போனால்தான் பிரச்சினை. ஒரு வாசனை கிடைத்துவிட்டால் பிஸ்கட்டை மூக்குக்கு நேராக நீட்டினாலும் கண்டுகொள்வதில்லை, போன வாரம் மான் போன தடத்தைப் பிடித்து என்னைப் புதருக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போய்விட்டான். பழக்கினால் கயிறில்லாமல் விட முடியுமா? மண்ணுக்கடியில் கம்பி புதைத்து, கழுத்துப்பட்டையில் ஷாக் கொடுக்கும் வேலி போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்புறம் காதில் புளித்த வாடை அடிக்கிறது, இந்த இனத்துக்கே அப்படித்தானா?

தடம்_தேடி:
மீனா அக்கா, கயிறில்லாமல் விடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டில் செயின்ட் ஹூபர்ட் மடத்துத் துறவிகள் வளர்த்த வேட்டை நாய்களின் வழிவந்ததாகச் சொல்லப்படும் இனம் இது, ஆறிப்போன தடத்தையும் விடாமல் தொடர்வதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தது. அவன் உங்களை மதிக்காமல் இல்லை, அந்த நேரத்தில் அவனுக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்கிறது. ஷாக் வேலி வேண்டவே வேண்டாம். வாசனையின் வேகத்தில் வலியைத் தாங்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுவான், திரும்பி வரும்போதுதான் அந்த வலிக்குப் பயந்து உள்ளே வர மாட்டான். ஆறடி உயரத்துக்கு நிஜ வேலி போடுங்கள், அடியில் தோண்ட முடியாதபடி.

மூக்கோடு சண்டை போடாமல் அதற்கு வேலை கொடுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. மகள் போட்டுக் கழற்றிய சாக்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். அவள் அவன் கண்ணெதிரே ஓடிப்போய்ப் பக்கத்து மரத்துக்குப் பின்னால் ஒளியட்டும், கூடவே பெரியவர் ஒருவர் இருக்கட்டும். நீங்கள் பையைத் திறந்து முகரவிட்டு, "தேடு" என்று ஒரே சொல்லைச் சொல்லி, ஹார்னஸில் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) 20 அடிக் கயிற்றோடு அவன் பின்னாலேயே போங்கள். கண்டுபிடித்ததும் அவள் கையாலேயே கறித்துண்டு கொடுக்கட்டும். தூரத்தையும் திருப்பங்களையும் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இந்த விளையாட்டுக்கென்று தனி ஹார்னஸ் வைத்துக்கொண்டால் அதை மாட்டியதும் வேலை, கழற்றியதும் ஓய்வு என்று அவனுக்கே புரிந்துவிடும். காலையில் புல் ஈரமாக இருக்கும்போது வாசனை நன்றாக நிற்கும், மதிய வெயிலில் தார்ச்சாலையில் சீக்கிரம் போய்விடும்.

செல்வி_வெட்டெக்:
காது வாடை சாதாரணமில்லை சகோதரி. பெரும்பாலும் ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்றுதான். நீளமாகத் தொங்கும் காது உள்ளே காற்றை விடாது, ஈரம் அப்படியே தங்கிவிடும். முதலில் டாக்டரிடம் காட்டி மருந்து வாங்குங்கள், குணமான பிறகு அவர் சொல்லும் திரவத்தை விட்டு வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள், பஞ்சுக்குச்சியை உள்ளே விடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணம் வாய் குறுகி உயரமாக இருந்தால் காது அதில் நனையாது. முக மடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். கீழ் இமை தொங்குவதால் தூசு சேரும், கண் சிவந்தாலோ அவன் தேய்த்துக்கொண்டே இருந்தாலோ காட்டிவிட வேண்டும். சுவரெல்லாம் எச்சில் தெறிக்கும், அதற்குப் பழைய துண்டுதான் வழி.

ராஜா_கென்டக்கி:
முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லையே. ஆழமான மார்புள்ள இந்த மாதிரிப் பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி அப்படியே முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் இருப்பது, வயிறு வீங்கி இறுகுவது, ஓரிடத்தில் படுக்க முடியாமல் தவிப்பது, இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்தாலும் நடு ராத்திரியானாலும் அவசர மருத்துவமனைக்கு ஓடுங்கள். எச்சில் அதிகமாக வடிவதும் ஓர் அறிகுறிதான், ஆனால் எப்போதும் வடிக்கும் பிளட்ஹவுண்டில் அதை நம்பி இருக்க முடியாது. சாப்பாட்டை ஒரே வேளையாகப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள், சாப்பிட்டவுடன் ஓடவிடாதீர்கள்.

மீனா_ஓஹயோ:
ரொம்ப நன்றி. ராஜா அண்ணா, இதை முன்கூட்டியே தடுக்க முடியாதா? அவனுக்கு இன்னும் கருத்தடை அறுவை செய்யவில்லை.

ராஜா_கென்டக்கி:
அப்படியென்றால் நல்லதாகப் போயிற்று அம்மா. அதே மயக்கத்திலேயே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகும் வயிறு உப்பலாம், ஆனால் முறுக்கிக்கொள்வது மிக அரிது. காதைக் காட்டப் போகும்போதே இதையும் பேசிவிடுங்கள்.