உணவுக்குழாயில் கட்டி: அண்ணனுக்கு நடந்தது

அண்ணனுக்கு 41 வயது. ஒரு வருடமாகவே சப்பாத்தியோ இட்லியோ, நெஞ்சின் நடுவில் நின்றுதான் இறங்கும். கேஸ் என்று சொல்லியே தள்ளிப்போட்டார். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் வழவழவென்று ஒரு புடைப்பு. கட்டி என்றதும் அண்ணி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அங்கே பயாப்ஸி எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. மனசு கேட்காமல் இன்னொரு முறை எடுக்கச் சொன்னோம். எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை.

அப்புறம் பார்த்த அறுவை மருத்துவர் படம் வரைந்து காட்டினார். கட்டி இருப்பது உள்சவ்வில் அல்ல, அதற்கு வெளியே தசையில். இரண்டு முறையும் கிள்ளியது மேலே மூடியிருந்த நல்ல சவ்வை. எண்டோஸ்கோப் வழியாகவே அல்ட்ராசவுண்ட் பார்த்துவிட்டு, லியோமயோமா என்ற தசைக்கட்டி போலத் தெரிகிறது, புற்று வகை அல்ல என்றார். குழாயை வெட்ட வேண்டாம், தசையை நீளவாக்கில் பிரித்துக் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம். ஆனால் கிள்ளிய இடம் தழும்பாகிக் கட்டியோடு ஒட்டியிருந்தால் சவ்வு கிழியலாம் என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டாவது பயாப்ஸி நாங்கள் கேட்டு வாங்கியது.

அப்படியேதான் ஆனது. வலது விலாவில் சிறு துளைகள் போட்டு, 5 செ.மீ. கட்டியை முழுதாக எடுத்தார்கள். ஒட்டியிருந்த இடத்தில் சவ்வு கிழிந்தது. தையல் போட்டு, உள்ளே காற்றடித்து, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தார்களாம், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போல. அப்புறம் தசையையும் மூடித் தைத்தார்கள். தைக்காமல் திறந்தபடியே விட்டால் சவ்வு அந்த வழியே பை போலப் பிதுங்கிவிடுமாம். 6 நாள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏழாம் நாள் சாய மருந்து குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கசிவு இல்லை. அன்று மதியம் அண்ணி ஸ்பூனில் இளநீர் கொடுத்தார். லியோமயோமாதான் என்று ரிப்போர்ட்டும் வந்தது.

இன்னொருவர்:

பயாப்ஸியே கூடாது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். என் மாமியாருக்கும் வழவழப்பான புடைப்புதான், ஆனால் அது ஜிஸ்ட், புற்றாகக்கூடிய வேறு வகைக் கட்டி. உணவுக்குழாயில் அது இன்னும் அரிது. அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே ஊசியால் எடுத்ததில், ஜிஸ்டைக் காட்டிக்கொடுக்கும் சிடி117 என்ற புரதம் பாசிட்டிவ். கட்டி பெரிது என்பதால் முதலில் இமாடினிப் மாத்திரை. சுருங்கிய பிறகு குழாயின் கீழ்ப்பகுதியை எடுத்து, இரைப்பையை மேலே இழுத்து இணைத்தார்கள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடுகிறார். படுக்கையின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறோம். சமமாகப் படுத்தால் புளித்து மேலே வருகிறது.