பட்டன் போனுக்கு இறங்கினால் உண்மையிலேயே காசு மிஞ்சுமா?

பனியன்கம்பெனிக்காரன்:
ஏழு வாரத்துக்கு முன்னால் என் ஆண்ட்ராய்டு போன் மாடிப்படியில் விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. மாற்ற 6,800 ரூபாய் கேட்டார்கள். அந்தப் போனுக்கே இன்னும் மூன்று தவணை பாக்கி இருக்கிறது. வந்த எரிச்சலில் பக்கத்துக் கடையில் 1,900 ரூபாய்க்கு ஒரு 4ஜி பட்டன் போனை வாங்கி சிம்மை அதில் போட்டுவிட்டேன்.

ரீசார்ஜ் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏர்டெல், 84 நாளுக்கு 859 ரூபாய் போட்டுக்கொண்டிருந்தேன். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தனியாகக் கொடுங்கள் என்று போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிராய் 2024 டிசம்பரில் சொன்ன பிறகு, 2025 ஜனவரியில் 84 நாளுக்கு 469 ரூபாய் என்று ஒரு பேக் வந்தது. அதற்கு மாறிவிட்டேன். 390 மிச்சம். ஆனால் பெரிய மிச்சம் இதில் இல்லை. சாயங்காலம் டீ, இரண்டு பஜ்ஜி, வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணில் பட்ட பழம், பொம்மை எல்லாவற்றுக்கும் ஸ்கேன் செய்துகொண்டே போவேன், எவ்வளவு போனது என்றே தெரியாது. இப்போது காலையில் சட்டைப்பையில் 200 ரூபாய், அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். போன மாதம் 2,700 ரூபாய் குறைவாகச் செலவாகியிருக்கிறது. இனி ஸ்மார்ட் போன் பக்கமே போவதாக இல்லை. மாறிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கணக்குப்புலி:
390-ஐ 84-ஆல் வகுத்துப் பாருங்கள் நண்பரே, நாளுக்கு நாலரை ரூபாய்ச் சொச்சம். அரை டீ. அதற்காக மேப் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, ஒரு ஊருக்குப் போனால் வழி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்த 2,700 ரூபாய்க்கும் போனுக்கும் சம்பந்தமே இல்லை, செலவு செய்வதில் உங்கள் கை நீளம், அவ்வளவுதான். பணம் அனுப்பும் ஆப்பை மட்டும் அழித்திருந்தால் போதும்.

உண்மையான நஷ்டம் தவணையில் வாங்கிய போன்தான். பத்தாயிரத்துக்குள் ஒன்று வாங்கி ஐந்து வருஷம் ஓட்டுங்கள். என்னுடையது 2020-ல் வாங்கியது, ஒரு தடவை பேட்டரி மாற்றினேன், ஓடிக்கொண்டிருக்கிறது.

பனியன்கம்பெனிக்காரன்:
ஆப்பை மூன்று தடவை அழித்தேன் சார். மூன்று தடவையும் அன்று சாயங்காலமே திரும்ப ஏற்றினேன். டீக்கடையில் நின்றுகொண்டே ஏற்றியிருக்கிறேன். கை நீளம் என்பது சரிதான், அதனால்தான் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறேன். வழி கேட்டு நிற்பதில் என்ன கஷ்டம், திருப்பூரில் எனக்குத் தெரியாத சந்து இல்லை.

ரெண்டுசிம்:
இதைப் படித்துவிட்டு யாராவது ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று 2ஜி போனை வாங்கிவிடாதீர்கள். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அந்த சிம் அதில் வேலை செய்யாது. பெட்டியில் 4ஜி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பட்டன் போன் என்றால் பணம் அனுப்ப முடியாது என்பதும் பழைய கதை. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சிலேயே யுபிஐ 123பே கொண்டுவந்துவிட்டது, ஒரு நம்பருக்குக் கூப்பிட்டே பணம் அனுப்பலாம். 2024-ல் வந்த நோக்கியா 3210 4ஜியில் ஸ்கேன் வசதியே இருக்கிறது. வந்தபோது விலை 3,999 ரூபாய். ஆனால் அதை நம்ம பனியன் அண்ணனிடம் கொடுத்தால் மறுபடியும் பஜ்ஜிதான்.

மூணாவதுவீடு:
எங்கள் வீட்டுக்காரரும் போன வருஷம் இதே மாதிரி ஒரு முடிவெடுத்தார். ஊர் முழுக்கப் பெருமை, "நாலு நாளைக்கு ஒரு தடவைதான் சார்ஜ் போடுகிறேன்" என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்வார்.

நடந்தது என்ன தெரியுமா? ராத்திரி ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட குரூப்பில் நாளைக்கு மஞ்சள் சார்ட் வேண்டும் என்று வரும், அது என் போனுக்கு. அவர் தங்கை அனுப்பும் கல்யாணப் பத்திரிகை என் போனுக்கு. கூரியர்காரருக்கு லொக்கேஷன் அனுப்புவது நான், ரயில் டிக்கெட் போடுவது நான், அவர் நண்பர்கள் "அண்ணனிடம் கொடுங்கள் அக்கா" என்று கூப்பிடுவதும் என் நம்பருக்கு. நான் குழம்பைக் கிளறிக்கொண்டே இன்னொரு கையில் அவருக்கு வந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் போனில் நாலு நாள் சார்ஜ் நிற்கிறது, என் போன் மத்தியானத்திலேயே படுத்துவிடுகிறது. என் டேட்டா போதவில்லை என்று நடுவில் தனியாக டாப்-அப் வேறு.

போனைக் குறைத்தவர்கள் யாரும் வேலையைக் குறைத்ததாகத் தெரியவில்லை, அதை வீட்டில் இன்னொருவர் போனுக்குத் தள்ளிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அது யார் போன், பனியன் சார்?

கணக்குப்புலி:
அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டார். இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

ரெண்டுசிம்:
நீங்கள் அரை டீ கணக்குத்தானே சொன்னீர்கள்?

அக்கா சொல்வது குடும்பஸ்தர்களுக்குச் சரி. என் அப்பாவுக்கு எழுபது வயது, அவர் போனுக்கு வருவது நாலு அழைப்பும் வங்கி ஓடிபியும்தான், இரண்டுக்கும் பட்டன் போன் போதும். சிலிண்டர் வரும்போது சொல்ல வேண்டிய நம்பர்கூட எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. ஸ்மார்ட் போன் இருந்த காலத்தில் கண்ட லிங்க்கையெல்லாம் தட்டிவிட்டு என்னைக் கூப்பிடுவார். இப்போது நிம்மதி, அவருக்கும் எனக்கும்.

பனியன்கம்பெனிக்காரன்:
இரண்டு நாளாகப் பதில் போடவில்லை, காரணம் இருக்கிறது. அக்கா கேட்டதை வீட்டில் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். பெரியவன் பள்ளி குரூப் அவள் போனில் இருப்பது தெரியும், ஆனால் வீட்டு வாடகை, கரண்ட் பில், என் மச்சான் அனுப்பிய நிலப் பத்திரத்தின் போட்டோ எல்லாமே அங்கேதான் கிடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கம்பெனியிலும் அப்படித்தான். துணி ஷேடு மாறியிருந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள், இந்த ஏழு வாரமும் கட்டிங்கில் இருக்கும் ஒரு தம்பியின் போனை வாங்கித்தான் அனுப்பியிருக்கிறேன். அவன் ஒன்றும் சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை.

ஆனாலும் பட்டன் போனை விடப்போவதில்லை. அந்த 2,700 பொய் இல்லையே. வீட்டில் கேட்டதற்கு, "வைத்துக்கொள், ஆனால் மிச்சமாகும் அந்த 390-ஐ என் ரீசார்ஜுக்குக் கொடுத்துவிடு" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

மூணாவதுவீடு:
390 மட்டுமா? அந்த 2,700-ஐ அவர் இன்னும் கேட்கவில்லையா?