கைவினை சைக்கிள் பிரேம் தொழிலை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: நெடுவழியன், பர்மிங்காம்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் பர்மிங்காமில் கார் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் இயந்திரப் பொறியாளராக இருக்கிறேன். சில ஆண்டுகளாக வார இறுதிகளில் வீட்டுக் கொட்டகையில் எஃகுக் குழாய்களை அறுத்து, அரம் போட்டு, மூட்டுகளில் லக் என்னும் எஃகு உறைகளை வைத்து, வெள்ளிக் கலவைக் கம்பியால் பற்றவைத்து சைக்கிள் பிரேம்களைக் கட்டி வருகிறேன். எங்கள் கிளப் நண்பர்கள் அவற்றைத்தான் ஓட்டுகிறார்கள். அவர்கள் வழியாக முன்பின் தெரியாதவர்களும் இப்போது விலை கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்யலாமா என்பதே என் கேள்வி. சைக்கிள் பிரேமுக்கான ரெனால்ட்ஸ் எஃகுக் குழாய் பிறந்த ஊரில் இருப்பதால் மூலப்பொருளுக்குக் கவலையில்லை. கைத்திறன் மீதும் ஓரளவு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் 1946-இல் டார்பியில் தொடங்கப்பட்டு, உலகெங்கும் பெயர் பெற்றிருந்த மெர்சியன் பிரேம் நிறுவனமே 2024-இல் கதவடைப்பதாக அறிவித்து, பிறகு உள்ளூர் சைக்கிள் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து வாங்கியதால்தான் பிழைத்தது என்பதைப் படித்த நாளிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அவ்வளவு பெயரும் வாடிக்கையாளர்களும் உள்ள இடத்துக்கே அந்த நிலை என்றால், கொட்டகையில் தொடங்கும் ஒருவன் எந்தக் கணக்கை நம்பி இறங்குவது? இத்தொழிலில் இருப்பவர்களோ, அருகிலிருந்து பார்த்தவர்களோ விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: பட்டறைக்காரன், லீட்ஸ்

வணக்கம் நண்பரே. நான் பிரேம் கட்டும் பட்டறையில் உதவியாளாக இருந்து, பிறகு சொந்தமாகப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டார்ச்சைக் கையில் பிடித்திருக்கும் நேரம் இந்தத் தொழிலின் மிகச் சிறிய பகுதி. ஒரு லக் மூட்டைப் பற்றவைக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் அதற்கு முன் குழாயின் முனையை மற்றொரு குழாயின் வளைவுக்குப் பொருந்த அறுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடுக்கில் ஒளி கசியாத அளவுக்கு அரத்தால் தேய்க்க வேண்டும். பற்றவைத்த பின் எஞ்சிய ஃப்ளக்ஸ் என்ற பற்றவைப்புப் பூச்சை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, லக்கின் ஓரத்தை மெல்லிய கோடாக வரும்வரை ராவி, பிரேமை சமதளப் பலகையில் பூட்டி டயல் கேஜ் வைத்துக் கோணல் பார்த்து, சீட் குழாயின் உட்புறத்தை ரீமரால் சீராக்கி, பெடல் அச்சு அமரும் பாட்டம் பிராக்கெட்டுக்குத் திருகுமரை வெட்டி முகத்தை மட்டமாக்க வேண்டும். ஒரு பிரேமின் பெரும்பொழுது போவது இங்கேதான், வாங்குபவர் கண்ணுக்கு இதில் பாதி தெரிவதுமில்லை.

அதைவிட அதிகமாக நேரத்தைத் தின்பது கடிதப் போக்குவரத்து. கையால் கட்டிய பிரேமைக் கேட்டு வருபவர் அளவைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. ஹேண்டில்பார் தண்டு நுழையும் ஹெட் குழாயின் கோணம் 73 பாகையா 72.5 பாகையா, மட்கார்டுக்கு இடம் வேண்டுமா, பச்சை நிறத்தில் எந்தப் பச்சை என்று மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார். அதில் தவறில்லை, அவர் காசு கொடுப்பதே அந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான். ஆனால் அந்த நேரத்துக்கு நீங்கள் ரசீது போட முடியாது.

இனி கணக்குக்கு வருவோம். கீழே வருவன என் அனுமானத் தொகைகள். உங்கள் தொகைகளை வைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். தனி ஆளாக ஆண்டுக்கு 25 பிரேம்கள் கட்டி, ஒன்றை 2,200 பவுண்டுக்கு விற்பதாகக் கொள்வோம். மொத்த வரவு 55,000. குழாய், லக், சக்கர அச்சைத் தாங்கும் டிராப் அவுட், வெள்ளிக் கம்பி, ஃபோர்க், வெளியே கொடுத்து அடிக்கும் பெயின்ட் எல்லாவற்றுக்குமாகப் பிரேமுக்கு 800 என்றால் 20,000 போய்விடும். பட்டறை வாடகை, காப்பீடு, கேஸ், மின்சாரம், கருவித் தேய்மானம் ஆகியவற்றுக்கு 14,000 வைத்தால் கையில் நிற்பது 21,000. 2025 ஏப்ரலில் இந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக ஆயிற்று, வாரம் 40 மணி நேரம் உழைக்கும் ஒருவருக்கே அப்போது ஆண்டுக்கு 25,000-க்கு மேல் வந்தது. அதாவது கடைசியில் உங்களுக்கு நிற்பது கிடங்கில் பெட்டி அடுக்குபவரின் கூலியைவிடக் குறைவு, அதுவும் 25 பிரேம்களும் கோணலில்லாமல் வந்தால்தான்.

ஆகவே என் யோசனை, புதுப் பிரேமை மட்டும் நம்பாதீர்கள். பிரேம் தொழிலில் நான் பார்த்தவரை அடுப்பெரிய வைப்பது பழுதும் புதுப்பிப்பும்தான். ரெனால்ட்ஸின் 531 என்ற எஃகுக் குழாயில் செய்த பழைய பிரேம்கள் இங்கே ஆயிரக்கணக்கில் கொட்டகைகளில் கிடக்கின்றன. துருப்பிடித்த டவுன் குழாயை மாற்றுவது, பின்பக்க இடைவெளியை இன்றைய சக்கரத்துக்கு விரிப்பது, அறுந்த கேபிள் தாங்கியைத் திரும்ப வைப்பது போன்ற வேலைகளுக்கு அளவெடுப்பும் கிடையாது, மாதக்கணக்கான மின்னஞ்சலும் கிடையாது. செய்து கொடுத்த வாரமே காசு கைக்கு வரும்.

பதில் 2: எதிர்காற்று, ஒசாகா

முந்தைய நண்பரின் கணக்கோடு எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அந்தக் கணக்கு எங்கெல்லாம் சரிப்பட்டு வந்தது என்பதையும் பார்த்தால் உங்கள் முடிவுக்கு உதவும் என்று எண்ணுகிறேன். தனியாள் பட்டறைகள் தலைமுறைகளாக நிலைத்த இடங்களில் திறமையைப் போலவே, தவறாமல் பிரேம் தேவைப்படும் ஒரு கூட்டமும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

ஜப்பானில் அந்தக் கூட்டம் கெய்ரின் என்ற ஓட்டக்கள சைக்கிள் பந்தயத்தின் வீரர்கள். 1948-இல் கொக்குராவில் தொடங்கிய இந்தப் பந்தயத்தில் மக்கள் பணம் கட்டுவதால், யாருக்கும் வண்டியால் அனுகூலம் இருக்கக் கூடாது என்பதற்காக உதிரிபாகங்களுக்குப் பந்தய அமைப்பின் ஒப்புதலைக் காட்டும் என்.ஜே.எஸ். முத்திரையைக் கட்டாயமாக்கினார்கள். ஆடவர் பந்தயத்தில் இன்றும் எஃகுப் பிரேம்தான் ஓடுகிறது. உலகம் முழுவதும் கார்பனுக்கு மாறிய பிறகும் இங்கே முத்திரை பெற்ற பட்டறைகளுக்கு வேலை குறையாமல் இருந்ததற்கு இந்த விதியே காரணம். வீரர்கள் விழுவார்கள், பிரேம் வளையும், புதிது வேண்டும். அவர்களுடைய அளவு பட்டறைக்காரரின் ஏட்டில் ஏற்கெனவே இருக்கும். மட்கார்டு, பச்சை நிறம் என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லை. அதே நாட்டில் 2012-இல் மீண்டும் தொடங்கிய மகளிர் கெய்ரினில் கார்பனை அனுமதித்தார்கள். அந்த வீராங்கனைகள் எஃகுப் பட்டறைகளின் வாடிக்கையாளர்களாக வரவில்லை. விதி ஒன்று மாறினால் தொழில் எப்படி மாறும் என்பதற்கு வேறு சான்று தேடிப் போக வேண்டியதில்லை.

பிரேம் கட்டுநர் யொஷியாக்கி நாகசாவாவின் வாழ்க்கையை உதாரணமாகக் கொள்ளுங்கள். அவர் இத்தாலிக்குப் போய் அங்குள்ள பிரேம் கட்டுநர்களான பொக்லியாகியிடமும் உகோ தெ ரோசாவிடமும் வேலை கற்றுக்கொண்டு திரும்பி, ஒசாகா வட்டாரத்தில் பட்டறை வைத்தார். 1977 முதல் 1986 வரை உலக ஸ்பிரிண்ட் பட்டத்தைத் தொடர்ந்து பத்து முறை வென்ற கோய்ச்சி நாகானோ ஓட்டியது அவர் கட்டிய பிரேம்களை. அதற்குப் பிறகு நாகசாவாவுக்கு விளம்பரம் எதற்கு? மிலானில் மாசியின் பிரேம் பட்டறை விகொரெல்லி ஓட்டக்களத்தின் அடியிலேயே இருந்ததும், 1972-இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓடி பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் சாதனை படைத்த வண்டி எர்னெஸ்தோ கொல்நாகோ கட்டியது என்பதும் இதே வகைதான்.

பர்மிங்காமில் உங்களுக்கு அப்படிப்பட்ட கூட்டம் எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களா, சுமை ஏற்றிச் சுற்றுலா போகிறவர்களா, கடைகளில் கிடைக்கும் அளவுகள் பொருந்தாத அளவுக்கு உயரமோ குட்டையோ ஆனவர்களா? மூவருக்கும் கட்டுகிறேன் என்று இறங்கினால் ஒவ்வொரு பிரேமும் முதல் பிரேமாகவே இருக்கும், கையில் வேகம் ஏறாது. நண்பர் சொன்ன 25 என்ற எண்ணிக்கை ஒரே மாதிரிப் பிரேமைத் திரும்பத் திரும்பக் கட்டுபவருக்குத்தான் எட்டும் என்று நினைக்கிறேன்.

பதில் 3: வரவுசெலவு, குராய்டன்

கணக்கர் என்ற முறையில் சிறு குறிப்பு மட்டும். உங்கள் விற்றுமுதல் ஆண்டுக்கு 90,000 பவுண்டைத் தாண்டும் வரை வாட் பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்துவிட்டால் தனிநபருக்கு விற்கும் 2,200 பவுண்டில் ஆறில் ஒரு பங்கு அரசுக்குப் போய்விடும் என்பதை விலை வைக்கும்போதே நினைவில் வையுங்கள். முதல் பிரேமை அந்நியர் ஒருவருக்கு விற்கும் முன் பொருள் பொறுப்புக் காப்பீடு எடுத்தாக வேண்டும். இறக்கத்தில் ஃபோர்க் உடைந்தால் கிளப் நண்பர் தோளைத் தட்டிவிட்டுப் போகக்கூடும். அந்நியர் வழக்கறிஞரோடு வருவார்.

கேள்வியாளர்: நெடுவழியன், பர்மிங்காம்

மூவருக்கும் மிக்க நன்றி. விலை கேட்டு வந்தவர்களைத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலோர் 200, 300 கிலோமீட்டர் ஓடும் நெடுந்தூரக்காரர்கள், ஆகவே கூட்டம் ஒன்று தெரிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். லக்கை விட்டு, குழாய்களை நேரடியாக உருக்கி இணைக்கும் டிக் வெல்டிங்குக்கு மாறினால் நேரம் மிச்சமாகுமா? முன்பணம் வாங்கி வரிசையில் நிறுத்துவது சரியா? அமெரிக்காவில் பிரேம் கட்டும் ரிச்சர்ட் சாக்ஸ் போன்றவர்களுக்குப் பல ஆண்டுகள் நீளும் வரிசை இருந்ததாகப் படித்திருக்கிறேன்.

பதில்: பட்டறைக்காரன், லீட்ஸ்

டிக் வெல்டிங்கில் நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. லக் வாங்க வேண்டியதில்லை, ஓரம் ராவ வேண்டியதில்லை, ஃப்ளக்ஸ் கழுவ வேண்டியதில்லை. ஆனால் எல்லாக் குழாயும் அதற்கு ஒத்துவராது. 1935-இல் வந்த 531 தாழ்ந்த வெப்பத்தில் பற்றவைப்பதற்கென்றே இருந்தது. வெள்ளிக் கலவைக் கம்பி சுமார் 650 பாகை செல்சியஸிலும் பித்தளை 900-க்கு அருகிலும் ஓடிவிடும், எஃகு உருகும் நிலைக்குப் போவதே இல்லை. வெல்டிங்கில் எஃகே உருகுகிறது. அதைத் தாங்கி, ஆறும்போது மூட்டருகில் இன்னும் கடினமாகும்படி செய்யப்பட்டதுதான் ரெனால்ட்ஸின் 853 குழாய். குழாயின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும் இந்த வேலையில், கார் உதிரிபாகத்தில் பழகிய வெல்டிங் கை அப்படியே செல்லாது. வெட்டி எறியவென்றே குழாய் வாங்கிப் பழக வேண்டும். 753 என்ற குழாய் வந்த காலத்தில் ரெனால்ட்ஸ் அதை எல்லோருக்கும் விற்கவில்லை. மாதிரி மூட்டு செய்து அனுப்பித் தேறியவர்களுக்கே கொடுத்தார்கள் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்களும் அதுபோல மாதிரி மூட்டுகளைப் பற்றவைத்து, நீளவாக்கில் அறுத்துத் திறந்து, வெள்ளி உள்ளே கடைசி வரை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே பளிச்சென்று தெரியும் மூட்டு உள்ளே பாதி காலியாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெரும்பாலும் தடித்த லக்கும் பாட்டம் பிராக்கெட் உருளையும் போதிய அளவு சூடேறாமல், மெல்லிய குழாய் மட்டும் சூடேறியதால் வரும் வினை அது. வெள்ளி சூட்டைத் தேடித்தான் ஓடும்.

சாக்ஸ் விஷயத்தில் வரிசையை மட்டும் பார்க்காதீர்கள். அவர் 1970-களின் தொடக்கத்தில் லண்டன் விட்கம்ப் பட்டறையில் கற்று, 1975 முதல் தம் பெயரில் கட்டியவர். லக் வைத்த எஃகுப் பிரேமைத் தவிர வேறு எதையும் தொடாதவர். எதிர்காற்று ஐயா சொன்ன ஒரே மாதிரி வேலை என்பது அதுதான். தாம் வடிவமைத்த லக்குகளைப் பிற பட்டறைகளுக்கு விற்றார், இத்தாலியப் பிரேம் கட்டுநர் தாரியோ பெகொரெத்தியோடு சேர்ந்து கொலம்பஸ் குழாய் நிறுவனத்திடம் தனிக் குழாய்த் தொகுதியே செய்வித்தார். கட்டி முடிக்கும் பிரேமை மட்டும் நம்பி அவர் இருந்ததில்லை.

முன்பணத்தைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது. மூன்று ஆண்டு வரிசைக்கு இன்று முழுப் பணம் வாங்குவது கடன் வாங்குவதே. ஆனால் வங்கிக் கடனாக இருந்தால் அது கடன் என்ற நினைப்பாவது இருக்கும். வந்த பணத்தை வாடகைக்குச் செலவழித்து, அடுத்தவரின் முன்பணத்தில் முந்தையவரின் குழாயை வாங்கத் தொடங்கிய பட்டறை மீண்டதை நான் பார்த்ததில்லை. இடையில் குழாய் விலை ஏறினால் பழைய விலைக்கே கட்டிக் கொடுக்கவும் வேண்டும். வரிசையில் பெயர் எழுதச் சிறு தொகை வாங்குங்கள், அதைத் தனிக் கணக்கில் போடுங்கள். விலையை அவருடைய முறை வரும்போது சொல்லுங்கள். குழாய்க்கான பணத்தை அறுக்கத் தொடங்கும் வாரத்தில் வாங்குங்கள். வரிசை ஓராண்டைத் தாண்டினால் பெயர் எழுதுவதை நிறுத்திவிடுங்கள்.

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். உங்கள் நிறுவனம் வாரத்தில் மூன்று நாள் வேலைக்குச் சம்மதிக்குமா என்று கேளுங்கள். மீதி நாட்களில் நெடுந்தூரக்காரர்களுக்கு ஒரே வகைப் பிரேமும், பழைய 531 பிரேம்களுக்குப் பழுதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளப் பலகை வாங்குவதாக இருந்தால் புதிது வேண்டாம். மூடும் இயந்திரப் பட்டறைகளின் ஏலத்தில் நல்ல வார்ப்பிரும்புப் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன; ஏற்றிக்கொண்டு வர வண்டி மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.