ஏழாம் வகுப்புக்குக் கையால் செய்து பார்க்கும் கணக்கு வேலைகள் வேண்டும்

கேள்வி கேட்பவர்: கன்னடியன் கால்வாய் (புனைபெயர்)

வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். டிசம்பர் 22 கணித நாளுக்குப் பிள்ளைகள் ஏதாவது செய்து காட்ட வேண்டும். வழக்கமாக வருவது தெர்மாகோல், கலர் பேப்பர், கடையில் ஒட்டி வாங்கின மாடல். வீட்டுக்காரர்களுக்குத்தான் செலவு, அதில் பிள்ளை போட்ட கணக்கு ஒன்றும் இருக்காது. இந்த வருடம் அது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

வாய்ப்பாடு நன்றாகவே சொல்கிறார்கள். ஆனால் 'நம்ம வகுப்பறை எத்தனை சதுர அடி இருக்கும்?' என்று கேட்டால் ஒருவன் நாற்பது என்கிறான், இன்னொருத்தி நாலாயிரம் என்கிறாள். பின்னம், முழுக்கள், பரப்பளவு மூன்றுக்கும் யோசனை சொல்லுங்கள். லேப் கிடையாது. மைதானம் இருக்கிறது, வெயில் தாராளமாக இருக்கிறது.

பதில்: பாளை கணக்கு டீச்சர்

டீச்சர், மைதானமும் வெயிலும் இருந்தால் போதும். வேலையைத் தேர்ந்தெடுக்க நான் ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன்: அளந்து முடிக்கும்வரை விடை எனக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். விடை டீச்சர் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் கயிற்றைப் பார்க்க மாட்டார்கள், நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

முதலில் செண்ட். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் 'மூணு செண்ட் மனை', 'அரை ஏக்கர் வயல்' என்ற பேச்சை வீட்டில் கேட்டே வளர்கிறார்கள். ஒரு செண்ட் எவ்வளவு இடம் என்று நின்று பார்த்தது கிடையாது. ஏக்கர் 43,560 சதுர அடி, அதில் நூறில் ஒன்று செண்ட், ஆக 435.6 சதுர அடி. இதை மட்டும் சொல்லிவிட்டு, தரையில் ஒரு செண்ட் சதுரம் போடச் சொல்லுங்கள். 20 அடிப் பக்கம் வைத்தால் 400, பற்றாது. 21 வைத்தால் 441, கூடிவிடும். நடுவில் எங்கே என்று அவர்களே தேடட்டும். வர்க்கமூலம் என்று நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

அப்புறம் கிரிக்கெட் பிட்சுக்கு வாருங்கள். அதன் நீளம் 22 கெஜம், அதாவது 66 அடி. நிலம் அளக்கிற பழைய சங்கிலியின் நீளமும் அதே 66 அடிதான். 66 அடி நீளம், 6.6 அடி அகலம் என்று பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், சரியாக ஒரு செண்ட் வரும். பிட்சின் உண்மையான அகலம் 10 அடி. அப்படியானால் பிட்ச் எத்தனை செண்ட்? ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. கணக்கென்றாலே ஒதுங்குகிற பையன்கள் இந்தக் கேள்விக்கு முன்வரிசைக்கு வருவார்கள்.

முழுக்களுக்கு நிழல். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. ஒரு மீட்டர் கம்பியை மண் நிரப்பின வாளியில் செங்குத்தாக நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சாய்வு பாருங்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, 12.20 வாக்கில். 12.10 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்தால், எல்லாவற்றிலும் குட்டையானதுதான் அன்றைய கணக்கு. டிசம்பர் 22 அன்று நிழல் வடக்கே ஏறத்தாழ 63 செ.மீ. விழும். ஏப்ரல் நடுவில் ஒரு நாள் நிழலே இருக்காது. ஜூனில் பள்ளி திறந்து கொஞ்ச நாளில் பார்த்தால் தெற்கே 26 செ.மீ. போயிருக்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் பூஜ்ஜியம். வடக்கை மிகை என்றும் தெற்கைக் குறை என்றும் வைத்துக்கொண்டால் தரையிலேயே எண்கோடு கிடைத்துவிடுகிறது. டிசம்பருக்கும் ஜூனுக்கும் நிழல் நுனி எவ்வளவு நகர்ந்தது? 63 கழித்தல் குறை 26. 'கழித்தால் எப்படி டீச்சர் கூடும்?' என்று கேட்கிற பிள்ளையைத் தரையில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

(இந்த எண்களை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவர்கள் குச்சியில் என்ன வருகிறது என்பது உங்களுக்கும் தெரியாதுதானே.)

பின்னத்துக்கு ஆச்சி வீட்டுப் பரணில் கிடக்கும் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி. ஒவ்வொன்றும் அடுத்ததில் பாதி. நாழியை ஒன்று என்று வைத்தால் உரி 1/2, உழக்கு 1/4, ஆழாக்கு 1/8. உழக்கும் ஆழாக்கும் சேர்ந்தால் நாழியில் எவ்வளவு? தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும், 3/8 கண் முன்னால் நிற்கும். உருளையின் கன அளவுச் சூத்திரம் பெரிய வகுப்புச் சமாச்சாரம், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பதில்: கொத்தனார், வீரவநல்லூர்

டீச்சர்மாருக்கு வணக்கம். சதுரம் போடும்போது பிள்ளைகள் நாலு பக்கமும் சமமாக வைத்துவிடும், ஆனால் மூலை கோணிக்கொள்ளும். நாங்கள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் கயிறு கட்டும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்போம். பெரிய இடத்துக்கு 6, 8, 10. கடைசியில் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். கூப்பிட்டால் டேப்பும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

பதில்: மணிமுத்தாறு

மழைக் காலம்தானே, மழையையும் அளக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. அது 6 மீட்டருக்கு 6 மீட்டர் வகுப்பறைக் கூரையில் விழுந்திருந்தால் 34,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட மூன்று. பேப்பரில் வருகிற பாபநாசம் (முழு உயரம் 143 அடி), மணிமுத்தாறு (118 அடி) அணைகளின் நீர்மட்டத்தைத் தினமும் கிராப் தாளில் குறித்தும் வரலாம்.

கன்னடியன் கால்வாய்

எல்லோருக்கும் நன்றி. கொத்தனார் அண்ணாச்சி, கண்டிப்பாகக் கூப்பிடுகிறேன். பாளை டீச்சர், ஒரு சந்தேகம். மூன்று குழு ஒரே இடத்தை அளந்தால் மூன்று விடை வருமே, எதற்கு மார்க் போடுவது?

பாளை கணக்கு டீச்சர்

மூன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். எது சரி என்று சொல்லாதீர்கள். 'ஏன் மாறுது?' என்று மட்டும் கேளுங்கள். கயிறு தொய்ந்தது, ஸ்கேலின் விளிம்பிலிருந்து அளந்தோம், பூஜ்ஜியக் கோட்டிலிருந்து அளக்கவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். குழுக்களை மாற்றி மறுபடி அளக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் சுருங்கும். சராசரி எதற்கு என்று அப்போதுதான் அவர்களுக்குத் தேவைப்படும். காரணத்தைக் கண்டுபிடித்த குழுவுக்கு மார்க் போடுங்கள்.

கணித நாள் அன்று சார்ட் ஒட்ட வேண்டாம். வருகிற பெற்றோரிடம் முதலில் ஒரு செண்டைக் கண்ணால் மதிப்பிடச் சொல்லி, பிறகு பிள்ளைகள் அளந்து காட்டட்டும். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு 66 அடி அளவுக் கயிறு செய்ய, நைலான் கயிறு 75 அடியாக வாங்குங்கள், முடிச்சுக்கே நிறையப் போய்விடும். முடிச்சுப் போட்ட பிறகு அண்ணாச்சியின் டேப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.