ஸ்டியரிங் சூடு 3 நிமிசத்தில நிண்டுபோகுது: முழுசா மாத்தத்தான் வேணுமோ?

பனிச்சாரல் (ஸ்காபுரோ)

கார் 2013 ஜெர்மன் செடான். ஹீற்றட் ஸ்டியரிங் கொம்பனியில இருந்தே வந்தது. வெளியில -15 பாகை நிக்கேக்க பட்டனை அமத்தினா விளக்கு எரியுது, ரெண்டு பக்கமும் கை பிடிக்கிற இடம் சூடேறத் தொடங்குது. 3 நிமிசத்தில விளக்கு மினுங்கி அணைஞ்சுபோகுது. நெடுஞ்சாலையில அரை மணித்தியாலம் ஓடின பிறகு போட்டால் ஒழுங்கா வேலை செய்யுது. மேல் வளைவில மரம் இருக்கு, அது ஒருநாளும் சூடாகினதில்லை. பியூஸ் நல்லா இருக்கு, ஹோர்ன் அடிக்குது, ஏர்பாக் விளக்கு எரியேல்லை. ஓட்டம் பெரும்பாலும் 10 நிமிசத் தூரம்தான். சீற் ஹீற்றரும் பின் கண்ணாடி ஹீற்றரும் கூடவே ஓடும். கராஜில முழு ஸ்டியரிங்கையும் மாத்தச் சொல்லுகினம். அதுக்கு முதல் என்னத்தைப் பார்க்கலாம்?

ஓம்விதி (மிஸ்ஸிசாகா)

மாத்தாதீங்க அண்ணா, இன்னும் அந்தக் கட்டம் வரல. சூட்டுக் கம்பி அறுந்திருந்தா முதல் நிமிஷமே சூடு ஏறாது. உங்களுக்கு ஏறுது. கம்பி உயிரோட இருக்கு, வேற ஏதோ ஒண்ணு அதை நிறுத்துது. எதுன்னு அந்த விளக்கே சொல்லும்.

விளக்கு எரிஞ்சபடி இருந்து சூடு மட்டும் நின்னா அது பெரும்பாலும் பழுதே இல்ல. பல மெர்சிடிஸ் மாடல்களோட கையேட்டுல இது இருக்கு: வண்டிக்குள்ள 30 டிகிரியைத் தாண்டினாலோ, ஸ்டியரிங் 35 டிகிரியைத் தாண்டினாலோ சூடு தற்காலிகமா நிக்கும், விளக்கு எரியும். விளக்கு மினுக்கினாலோ தானா அணைஞ்சாலோ அங்க சொல்ற காரணமே வேற: கரண்ட் இழுக்கிற சாமான் அதிகம், வோல்டேஜ் போதல. மத்த கம்பெனி வண்டிகள் பலதும் இதே கணக்குலதான் ஓடுது. பேட்டரி இறங்கினா கம்ப்யூட்டர் முதல்ல கைவைக்கிறது சொகுசு சாமான்கள் மேலதான்.

லெட் ஆசிட் பேட்டரிக்கு -18 டிகிரியில ஸ்டார்ட் பண்ற பலம் ஏறக்குறைய பாதியாகிடும். குளிர்ல சார்ஜையும் மெதுவாத்தான் வாங்கும். 10 நிமிஷ ஓட்டம், சீட்டும் பின் கண்ணாடியும் சூடாகணும்னா ஸ்டார்ட்டர் எடுத்ததே திரும்பி வர்றது சந்தேகம். நெடுஞ்சாலைக்கு அப்புறம் வேலை செய்யுதுன்னு நீங்க சொன்னது இதோட சரியாப் பொருந்துது.

ராத்திரி முழுக்க சார்ஜர் போடுங்க, பேட்டரி ஏஜிஎம்னா (லெட் ஆசிட்லயே ஒரு வகை) சார்ஜர்ல ஏஜிஎம் நிலை. எடுத்த உடனே அளக்காதீங்க, சில மணி நேரம் சும்மா விட்டு அளங்க. 12.6 வோல்ட்டுக்கு மேல நிக்கணும். 12.2ன்னா பாதிதான் இருக்கு. மறுநாள் காலையில சீட்டும் பின் கண்ணாடியும் போடாம ஸ்டியரிங்கை மட்டும் போட்டுப் பாருங்க. சார்ஜ் நிக்கலன்னா பேட்டரி மாத்தணும். புதுசு போட்டா அதை ஸ்கேனர்ல பதிவு பண்ணச் சொல்லுங்க. பல ஜெர்மன் வண்டிகள் பழைய பேட்டரின்னு நினைச்சே சார்ஜ் பண்ணிட்டிருக்கும்.

வடகடல் (ஒஸ்லோ)

மரத்தைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ அண்ணை. சூட்டு வலை தோலுக்குக் கீழதான் ஒட்டியிருக்கும். மரம் இருக்கிற பகுதிக்குள்ள பல மாடல்களில வலையே இல்லை.

தெர்மிஸ்டரையும் சொல்லவேணும், சூட்டை அளக்கிற சின்னச் சென்சர் அது, சூடு ஏற ஏற அதின்ர ஓம் குறையும். தோலுக்குக் கீழ வலையோட ஒண்டு இருக்கு, வழமையா 25 பாகையில 10 கிலோஓம் காட்டுற சாதி. 0 பாகையில 30ஐத் தாண்டும், 40 பாகையில 5 அளவுக்கு இறங்கும். அது ஷோர்ட் ஆகி ஓம் பூச்சியத்துக்குப் போனால் 'கொதிக்குது' எண்டு நினைச்சு ஹீற்றர் தொடங்கவே தொடங்காது. வலை சுருங்கி தெர்மிஸ்டருக்கு மேல ஏறினால் அந்த இடம் மட்டும் கெதியாச் சூடாகி முன்கூட்டியே நிப்பாட்டும், மற்றப் பக்கம் குளிராவே கிடக்கும். ஆனால் அப்பிடியெண்டால் நெடுஞ்சாலையிலயும் நிக்கவேணும். உங்களுக்கு நிக்கேல்லை, ஆனபடியால் பற்றரியில இருந்து தொடங்குறதுதான் சரி.

கையை நம்பி அளக்க வேண்டாம். உள்ளங்கையே 32, 33 பாகையில இருக்கும். 35 பாகைத் தோலைப் பிடிச்சால் முதல் சூடு அடங்கினாப் பிறகு ஒண்டும் தெரியாது. 'புது காரிலயும் சூடு காணாது' எண்டு வாற முறைப்பாடு சிலதுக்குக் காரணம் இதுதான். இன்பிராரெட் வெப்பமானி ஒண்டை வலம் இடம் ரெண்டுக்கும் பிடிச்சு, ஒவ்வொரு நிமிசமும் எழுதி வையுங்கோ.

பனிச்சாரல்

சார்ஜ் போட்டாச்சு. ஆறவிட்டு அளக்க 12.7. மினுங்கிறது நிண்டுட்டுது, நன்றி. ஆனால் வேறொண்டு வெளிச்சுது. 10 நிமிசத்தில 24 பாகைக்கு மேல ஏறேல்லை, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. பார்க்கிங்கில ஸ்டியரிங்கை முழுசா இடது பக்கம் ஒடிச்சால் சூடு நிண்டு, நேராக்க திரும்ப வருது. இதை வீட்டில கழட்டலாமோ?

ஓம்விதி

ரெண்டு பக்கமும் சமமா பலவீனம், ஒடிச்சா நிக்குது. இது கிளாக் ஸ்பிரிங் அண்ணா. நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்ல ஏர்பேக் கேபிள்னு சொல்றது. சுருட்டி வெச்ச தட்டை ரிப்பன், ஹார்ன், ஏர்பேக், சூடு எல்லாத்துக்கும் கரண்ட் அது வழியாத்தான் போகுது. மத்தது மில்லி ஆம்பியர் கணக்கு, சூட்டுக்கு மட்டும் 5, 6 ஆம்பியர். அதனால ரிப்பன்ல விரிசல் விழுந்தா முதல்ல காட்டிக் கொடுக்கிறது சூடுதான்.

கணக்கைப் பாருங்க. வலை 2 ஓம்னு வெச்சுக்குவோம். 13.5 வோல்ட்ல 6.75 ஆம்பியர், 91 வாட். ரிப்பன்ல வெறும் அரை ஓம் கூடினாப் போதும், கரண்ட் 5.4 ஆம்பியரா இறங்கி வலைக்கு 58 வாட்தான் கிடைக்கும். மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு. அதுல 14 வாட்டுக்கு மேல அந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளேயே சூடாகுது, அதனால தள்ளிப்போடாதீங்க.

வீட்டுல கழட்டலாமான்னா, ஏர்பேக் வேலை செஞ்சு பழக்கமில்லன்னா வேண்டாம். கராஜ்காரர்கிட்ட கீழே உள்ளபடி கேளுங்க.

சக்கரம் நேரா இருக்கணும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, கையேடு சொல்ற நேரம் காத்திருக்கணும். சிலதுல 90 வினாடி, சிலதுல 10 நிமிஷத்துக்கு மேல. சந்தேகம்னா அரை மணி நேரம். கழட்டின ஏர்பேக்கை, ஓட்டுறவரைப் பார்க்கிற மூடிப் பக்கம் மேல இருக்கிற மாதிரி வைக்கணும். ஏர்பேக்கோட மஞ்சள் கனெக்டர்ல மல்டிமீட்டரை வைக்கவே கூடாது, மீட்டர் விடுற சின்னக் கரண்டே அதை வெடிக்க வைக்கலாம்.

முதல்ல மீட்டரோட ரெண்டு முனையையும் ஒட்டவெச்சு வர்ற எண்ணைக் குறிச்சுக்கணும், 0.2, 0.3 ஓம் வரும். எல்லா அளவுலயும் அதைக் கழிக்கணும். கழிக்காம 'ரிப்பன் போச்சு'ன்னு சொல்றவங்க நிறைய. ஸ்டியரிங் பக்கம் சூட்டுக் கனெக்டரைப் பிரிச்சு வலையை மட்டும் அளக்கணும். ஒன்றரை ஓமுக்கும் மூணு ஓமுக்கும் நடுவுல நிலையா நின்னா வலை நல்லா இருக்கு. அப்புறம் கிளாக் ஸ்பிரிங்கைத் தனியா, சூட்டு வயரோட இந்த முனைக்கும் அந்த முனைக்கும். ஒரு ஓம்ல சின்னப் பங்குதான் இருக்கணும். மெதுவாச் சுத்தும்போது எண் ஆடினா அதேதான்.

வடகடல்

புது கிளாக் ஸ்பிரிங் நடுவில நிக்கிற மாதிரி ஒரு பின்னோட வரும். பொருத்தி முடியும்வரை பின்னை இழுக்க வேண்டாம். பின் விழுந்துபோனால் ஒரு பக்கம் மெதுவா முட்டும்வரை சுத்தி, மற்றப் பக்கம் முட்டும்வரை எத்தனை சுற்று எண்டு எண்ணி, அதில பாதி திரும்ப வரவேணும். நடு பிழைச்சால் முதல் யூ-ரேர்னிலயே ரிப்பன் கிழியும். ஸ்டியரிங்கைத் தண்டோட பிடிக்கிற நடு போல்ற் பல கார்களில ஒருதரம் மட்டும் பாவிக்கிறது, புதுசு கேளுங்கோ. கழட்ட முதல் தண்டிலயும் ஸ்டியரிங்கிலயும் கோடு போடச் சொல்லுங்கோ. முடிஞ்சாப் பிறகு ஸ்டியரிங் கோண சென்சரைச் சரிபார்க்கேல்லை எண்டால் ஈஎஸ்பி (கார் சறுக்காமல் பார்க்கிற அமைப்பு) விளக்கு எரியும்.

தோல்ஊசி (லண்டன்)

கராஜ் சொன்னபடி பழைய ஸ்டியரிங் வாங்குற எண்ணம் இருந்தா ரெண்டு விஷயம். தோல் மாத்தித் தைச்ச ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. ஊசியோ பசையோ வலையைக் கெடுத்திருக்கும், இடமும் வலமும் ஒரே வரிசையில ஓடுற வலைன்னா ஒரு அறுப்புல ரெண்டும் போகும். வாங்குறதுக்கு முன்னாடி கனெக்டர்லயே ஓம் அளக்கச் சொல்லுங்க, 2 நிமிஷ வேலை.

அடுத்தது, புது மாடல்ல கை பிடிச்சிருக்கான்னு உணர்ற கபாசிட்டிவ் அடுக்கும் இதே தோலுக்குள்ள இருக்கு. 2013ல உங்களுக்கு அந்தத் தலைவலி இல்ல. புது வண்டிக்காரங்க மேல உறை போட்டா 'கையை வை, கையை வை'ன்னு கத்திட்டே இருக்கும். 2022ல பிஎம்டபிள்யூ சில நாடுகள்ல ஸ்டியரிங் சூட்டையே மாசக் கட்டணத்துக்கு வித்தது. அந்த மாதிரி வண்டியை ரெண்டாம் கையா வாங்கினவங்க ஓம் அளக்குறதுக்கு முன்னாடி திரையில சந்தா இருக்கான்னு பாருங்க.

பனிச்சாரல்

கராஜில ரெண்டு முனைக்கும் இடையில 0.6 ஓம், இடது பக்கம் ஒடிக்க ஓப்பின், அதாவது தொடர்பே அறுந்துபோகுது. வலை 2.1இல அசையாமல் நிக்குது. கிளாக் ஸ்பிரிங்குக்குச் சொல்லியாச்சு, போல்ற்றும் சேர்த்து.