டிஸ்பெப்சியா: ‘செரிப்புக்கேடு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நாட்பட்ட செரிமானத் தொல்லையான டிஸ்பெப்சியாவுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்கு இத்தனை பேர் விடை எழுதியதற்கு நன்றி. நான் மொழிபெயர்ப்பது எடின்பரோ மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கல்லன் இலத்தீனில் எழுதிய நோய்ப் பகுப்பு நூல். முதலில் 1769-இல் வெளிவந்தது. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எந்தக் காலத்து நோய் என்று தெரியாமல் அதற்குப் பெயர் தேட முடியாது.

> ‘அசீரணம்’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

கல்யாண விருந்தில் அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அது அசீரணம். ஓமத் தண்ணீர் குடித்தால் மாலைக்குள் சரியாகிவிடும். கல்லன் சொல்வது மாதக்கணக்கில் ஆளைவிட்டுப் போகாத நோய். அவருடைய வரையறையைத் தமிழில் தருகிறேன்: பசியின்மை, குமட்டல், வாந்தி, பொருமல், ஏப்பம், எதுக்களிப்பு, நெஞ்செரிச்சல், வயிற்றுவலி ஆகியவற்றுள் சிலவோ பலவோ ஒன்றாகக் கூடிவருவது, பெரும்பாலும் மலச்சிக்கலோடு இருப்பது, இரைப்பையிலோ பிற உறுப்புகளிலோ வேறு நோய் ஏதும் இல்லாதது. வரையறையின் உயிர் அந்தக் கடைசிப் பகுதியில் இருக்கிறது. எல்லா நோயையும் விலக்கிப் பார்த்த பிறகும் எஞ்சி நிற்கிற தொல்லை இது. (எதுக்களிப்பு என்று நான் எழுதிய இடத்தில் இலத்தீன் மூலத்தில் இருப்பது அசைபோடுதலைக் குறிக்கும் சொல். அது மாட்டுக்குப் பொருந்தும். விழுங்கியது தொண்டைவரை ஏறிவருவதற்கு நம் வீடுகளில் உள்ள சொல்லையே வைத்தேன்.)

இந்த நோயைக் கல்லன் பல நேரம் ஆளைப் பார்க்காமலேயே கணித்தார். தொலைவில் இருந்தவர்கள் தங்கள் பசி, ஏப்பம், மலம், உறக்கம் எல்லாவற்றையும் விவரித்துக் கடிதம் எழுதினார்கள். அவரும் கடிதத்திலேயே மருத்துவம் சொன்னார். தம் பதில்களுக்குப் படி எடுத்து வைத்துக்கொண்டார். 1781 முதல் ஜேம்ஸ் வாட்டின் படியெடுக்கும் கருவியே அதற்குப் பயன்பட்டது. மருத்துவரின் கை நோயாளியின் வயிற்றில் படவே இல்லை. நோயாளி எழுதிய சொற்களை வைத்துத்தான் நோய் தீர்மானமாயிற்று. அதனால்தான் சொல்லைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

> ‘அமிலமிகை’ என்றால் இன்றைய மருத்துவர்களுக்கும் புரியும்.

இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. இரைப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது என்று காட்டிய ஆங்கில மருத்துவர் வில்லியம் பிரௌட்டின் கட்டுரை அச்சில் வந்தது 1824-இல். அப்போது கல்லன் இறந்து 34 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் கண்ட புளிப்பு, உணவு இரைப்பையில் தங்கிக் கெட்டு உண்டாவது. அவருடைய மாணவர் ஜோசப் பிளாக் 1754-இல் எழுதிய பட்ட ஆய்வின் தலைப்பே உணவிலிருந்து எழும் புளிப்பு நீரையும் அதை முறிக்கும் வெள்ளை மக்னீசியா என்ற மருந்துப்பொடியையும் பற்றியது. ஆகவே நூல் முழுவதும் ‘அமிலம்’ என்ற சொல்லை விலக்கிப் ‘புளிப்பு’ என்றே எழுதுகிறேன். புளித்த ஏப்பம் என்று சொல்லும் நமக்கு அது உடனே விளங்கும்.

> ‘இரைப்பைத் தளர்ச்சி’ எப்படி?

இரண்டு நாள் இதிலேயே மனம் நின்றது. கல்லன் இந்நோயை நரம்பு நோய்களின் வகுப்பில், மயக்கத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். இரைப்பையின் தசைநார்கள் முறுக்கு இழந்துவிட்டன என்பது அவர் கருத்து. மருத்துவமும் அதற்கேற்றதே: தேநீர், காபி, புகையிலை, அபின், சாராயம் ஆகியவற்றை நிறுத்துவது, புளிப்புக்கு மக்னீசியா, சுண்ணக்கட்டி, பிறகு முறுக்கேற்றக் கசப்பு மருந்துகள், இரும்பு, குளிர்நீர்க் குளியல், குதிரைச் சவாரி. ஆனால் தளர்ச்சி அவர் காட்டும் காரணம். நோயின் பெயர் அன்று. காரணத்தையே பெயராக்கினால், அவரோடு உடன்படாத மருத்துவர்களின் நூல்களில் அந்தச் சொல் பயன்படாது.

‘மந்தம்’ பற்றியும் இதே தயக்கம். வயிற்றுத் தீ மந்தப்படுவது நம் மருத்துவத்தின் பார்வை. கல்லன் நூலில் தீ இல்லை, நார்தான் உண்டு.

கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் ‘கெட்ட செரிப்பு’, அவ்வளவுதான். எனவே ‘செரிப்புக்கேடு’. செரிவு என்று அமைத்தால் செறிவோடு குழம்பும். ‘செரிகேடு’ என்றால் வினைத்தொகையாகிக் கேடே செரிந்ததுபோல் ஒலிக்கும். சிரி, சிரிப்பு போலச் செரி, செரிப்பு. அதனோடு சீர்கேட்டில் வரும் கேடு. செரிமானத்துக்கு இலங்கை நண்பர் சொன்ன ‘சமிபாடு’ அங்கே பள்ளிப் பாடநூல்களில் நிலைத்த நல்ல சொல். அங்குள்ள வாசகருக்காக முதல் முறை வருமிடத்தில் ‘சமிபாட்டுக்கேடு’ என்றும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “நாள் முழுதும் உட்கார்ந்து படிப்போருக்கும் மனக்கவலை உள்ளோருக்கும் செரிப்புக்கேடு எளிதில் வரும்.” வாய்விட்டுப் படித்தேன், எனக்கு இடறவில்லை. இடறுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அடுத்து அதே வரிசையில், செரிப்புக்கேட்டோடு சோர்வும் துயரமும் அச்சமும் சேர்ந்த ஹைப்போகாண்ட்ரியாசிஸ் நிற்கிறது. அதற்கும் உங்களிடம்தான் வரப்போகிறேன்.