ஆய்வு ஆர்வத்தைத் தெளிவாக்குவதா, நெறியாளரைத் தேடுவதா: எது முதலில்?

கேள்வி (முதுகலை மாணவி)

வணக்கம். தாவரவியல் முதுகலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். அடுத்து முனைவர் பட்ட ஆய்வில் சேர வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எதைப் பற்றிய ஆய்வு என்று கேட்டால்தான் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. தாவரங்கள் வறட்சியைத் தாங்கும் விதம், மரபணுவியல், தரவுப் பகுப்பாய்வு ஆகிய மூன்றிலும் ஈடுபாடு உண்டு. பேராசிரியர்கள் சிலருக்கு இதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் ஆய்வு ஆர்வம் என்ன?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டார், மற்றவர்களிடமிருந்து பதில் வரவில்லை. தலைப்பை முடிவு செய்துகொண்ட பிறகுதான் நெறியாளரைத் தேட வேண்டுமா, அல்லது நல்ல நெறியாளர் கிடைத்தால் தலைப்பு தானாக அமைந்துவிடுமா? இவ்வழியில் முன் சென்றவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (முதுமுனைவர் ஆய்வாளர்)

வறட்சித் தாங்குதிறன் ஒரு சிக்கல், மரபணுவியல் ஒரு துறை, தரவுப் பகுப்பாய்வு ஒரு கருவி. நீங்கள் இம்மூன்றையும் ஒரே வரிசையில் வைத்திருப்பதால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் வருகிறது. அந்தப் பேராசிரியர் உங்களிடம் எதிர்பார்த்தது ஒரு கேள்வியை. மண்ணில் ஈரம் குறையும்போது அப்சிசிக் அமிலம் என்னும் தாவர இயக்குநீர் (ஹார்மோன்) பெருகி இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நீரிழப்பு குறைகிறது, ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே நுழைவதும் தடைப்படுவதால் ஒளிச்சேர்க்கை குன்றுகிறது. இவ்வளவும் பாடநூலில் உள்ளது. ஒரே பயிரின் இரண்டு ரகங்களுக்கு மீண்டும் நீர் கிடைக்கும்போது ஒன்று இலைத்துளைகளை விரைவாகத் திறக்க, மற்றொன்று ஏன் தாமதிக்கிறது என்று கேட்கத் தொடங்கினீர்கள் என்றால், அது ஆய்வு ஆர்வம். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால் நீங்கள் சொன்ன மூன்றும் அதற்குள்ளேயே இடம்பெறும்.

இத்தகைய கேள்விகள் தனியே அமர்ந்து யோசிப்பதால் வருவதைவிட, படிப்பதால் வருவதே மிகுதி. ஒரு துறையில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கூறும் மீளாய்வுக் கட்டுரைகளில் அண்மையில் வெளிவந்த ஒன்றை எடுத்து, அது மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் உங்களை ஈர்ப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாசிப்பில் தலைப்பு, சுருக்கம், படங்கள், முடிவுரை ஆகியவை போதும். முழுமையாகப் படிக்கத் தக்கவை அவற்றுள் சிலவே தேறும். 2004-இல் தொடங்கப்பட்ட, ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியாகிய கூகுள் ஸ்காலரில், ஒரு கட்டுரையைப் பின்னாளில் மேற்கோள் காட்டியவர்கள் யார் என்பதையும் பார்க்கலாம் என்பதால், ஒரு சிக்கல் இன்று எங்கே வந்து நிற்கிறது என்பது விரைவில் புலப்படும். ஒவ்வொரு கட்டுரையைப் படித்து முடித்ததும், அது கேட்காமல் விட்ட கேள்வியை ஒரே வரியில் எழுதி வையுங்கள். சில வாரங்களுக்குப் பிறகு அந்த வரிகளை ஒருசேரப் படித்தால், எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரியும்.

அன்றாட வேலையையும் எண்ணிப் பாருங்கள். இலைத்துளைகள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதை அளக்க உதவும் போரோமீட்டர் கருவியை இலை இலையாகக் கவ்வ வைத்து நாள் முழுவதும் அளவெடுப்பது உங்களுக்கு நிறைவு தருமா, அல்லது வேறொருவர் எடுத்த அளவுகளைக் கணினியில் ஆராய்வதா? கேள்வி பிடித்திருந்தும் அதற்குரிய வேலை பிடிக்காமல் ஆய்வைக் கைவிட்டவர்கள் உண்டு.

நெறியாளர்களின் பெயர்களும் இதே வாசிப்பிலிருந்து கிடைக்கும். உயிரியல் துறைகளில், கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் பெரும்பாலும் முதல் பெயர் ஆய்வைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. (கணிதம் போன்ற துறைகளில் பெயர்களை அகர வரிசையில் தருவதே வழக்கம் என்பதால், அங்கே இது பொருந்தாது.)

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. என் மின்னஞ்சலில் என்ன குறை என்பது இப்போது புரிகிறது. ஒரு பேராசிரியரின் கட்டுரைகள் சிறப்பாக இருந்தாலும், அவர் மாணவர்களை எப்படி நடத்துவார் என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

மறுமொழி 2 (அண்மையில் முனைவர் பட்டம் பெற்றவர்)

உண்டு, அவரிடம் ஏற்கெனவே பயின்றவர்களைக் கேட்பதே அந்த வழி. அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகளைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் தேடி எடுத்தால், அவர்கள் யார் யார் என்பது தெரிந்துவிடும். பட்டம் பெற்றவர்களோடு, இடையில் விலகியவர் எவரேனும் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். "அவர் நல்லவரா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். வரைவு அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார், சோதனை தோல்வியுற்றபோது என்ன சொன்னார், கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்பதை எப்போது பேசி முடிவு செய்தார் என்று கேளுங்கள். இவற்றுக்கு வரும் பதில்களும், பதில் சொல்லத் தயங்கும் இடங்களும் போதுமான அளவுக்குத் தெளிவுபடுத்திவிடும்.

மறுமொழி 3 (ஆய்வு நெறியாளர்)

மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். "தங்கள் ஆய்வுகளில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று தொடங்கும் கடிதம் யாருக்கும் அனுப்பக்கூடியது என்பதால், அதற்குப் பதில் எழுத எனக்குக் கை வருவதில்லை. என் கட்டுரையின் ஒரு படத்தைச் சுட்டி, "இந்த அளவீடு பகலில் மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறது, இரவிலும் எடுத்தால் முடிவு மாறுமா?" என்று ஒருவர் எழுதினால், அந்தக் கேள்வி தவறாகவே இருந்தாலும் நான் பதில் எழுதுவேன். கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். உங்கள் முதுகலை ஆய்வில் நீங்களே செய்த ஒரு வேலையை இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கைக்கு இடமும் நிதியும் உண்டா என்று வெளிப்படையாகவே கேளுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சேரும் நாளிலேயே தலைப்பு முடிவாகியிருக்க வேண்டியதில்லை. நல்ல ஆய்வுச் சிக்கலைத் தேர்ந்தெடுப்பது பற்றி 2009-இல் மாலிக்யூலர் செல் இதழில் எழுதிய உயிரியலாளர் யூரி அலோன், புதிதாகச் சேர்ந்தவர் மூன்று மாதங்கள் கழியும் முன் எந்தச் சிக்கலிலும் தம்மைப் பிணைத்துக்கொள்ளக் கூடாது என்று வலியுறுத்துகிறார். என் ஆய்வகத்தில் அதை விதியாகவே வைத்திருக்கிறேன். ஆகவே நெறியாளரிடம் நேரில் பேசும் வாய்ப்புக் கிடைத்தால், தலைப்பைத் தேட எவ்வளவு காலம் தருவார் என்றும், அவர் முன்மொழியும் தலைப்பை மறுத்து வேறொன்றைச் சொல்ல இடம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.